அணிவகுப்புக் கூட்டத்தில் தெருப் புகைப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரக் கொண்டாட்ட நாள்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போகிற பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. கூட வருகிறவர்கள், புதிதாகக் கேமரா வாங்கியவர்கள், எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டி முகம் வாடுகிறவர்கள் என்று யார் வந்தாலும் அதே ஐயங்கள்தான் எழுகின்றன. தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தெருப் புகைப்படம் என்கிறீர்களே, அணிவகுப்பைப் படமெடுப்பதும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. அணிவகுப்பைப் படமெடுப்பவர் சாலையைப் பார்த்து நிற்கிறார். அலங்கார வண்டி வரும், வாத்தியக் குழு வரும், கொடி வரும். யார் எடுத்தாலும் அவை அழகாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கிற நூறு பேரிடமும் அதே படம் இருக்கும். தெருப் புகைப்படக்காரர் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை.

1937 மே 12 அன்று லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது. ஒரு பிரெஞ்சு நாளிதழுக்காகப் போன ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் மன்னரை விட்டுவிட்டுக் கூட்டத்தையே எடுத்தார். டிரஃபால்கர் சதுக்கத்தில் எடுத்த படம் ஒன்றில், சுவரின்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஊர்வலத்துக்காகக் கண்களை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காலடியில், சிதறிக்கிடக்கும் செய்தித்தாள்களின்மேல் ஒருவர் அயர்ந்து தூங்குகிறார். 1955இல் அமெரிக்காவின் ஹோபோகன் நகர அணிவகுப்பில் ராபர்ட் ஃபிராங்க் எடுத்த படத்தில் அணிவகுப்பே கிடையாது. செங்கல் சுவர், இரண்டு ஜன்னல்கள், இரண்டு பெண்கள், ஒருத்தியின் முகத்தை மறைத்துப் பறக்கும் கொடி, அவ்வளவுதான். இந்த இரண்டு படங்களையும் தேடிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

என்னிடம் செல்பேசி மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து உருப்படியாக எதுவும் எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். பெரும்பாலான செல்பேசிகளின் முதன்மை லென்ஸ் 24 முதல் 28 மி.மீ. வரையிலான அகலப் பார்வைக்கு நிகரானது. கூட்டத்துக்குள் நின்று எடுக்க அதுவே பொருத்தம். அன்றைக்கு எல்லோர் கையிலும் செல்பேசி உயர்ந்திருக்கும் என்பதால் உங்களை யாரும் தனியாகக் கவனிக்கப்போவதில்லை.

விரலால் இழுத்துப் பெரிதாக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். படம் நொறுங்கிப்போகும், கிட்டே போகும் பழக்கமும் வராது. திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் ஒளியளவையும் முன்கூட்டியே பூட்டிவையுங்கள். படத்தைப் பதிவு செய்ய, ஒலியைக் கூட்டும் பொத்தானைப் பயன்படுத்துங்கள். திரையில் வட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும் அரை விநாடியில் முகம் மாறிவிடும்.

எந்த லென்ஸ் கொண்டுபோகட்டும்? பெரிய ஜூம் இருந்தால் எட்ட நின்றே எடுத்துவிடலாம் அல்லவா?

எடுக்கலாம். அப்படி எடுத்த முகம் வேவு பார்க்கப்பட்ட முகமாகத்தான் படத்தில் தெரியும். நெடுந்தொலைவு லென்ஸ் ஒரு முகத்தைக் கூட்டத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தருகிறது. அவருக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவை எல்லாம் மங்கலாகிவிடுகின்றன. நமக்கு வேண்டியது அந்த அக்கம்பக்கம்தான்.

36×24 மி.மீ. சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) உள்ள கேமரா என்றால் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சாருக்கு 18 அல்லது 23 மி.மீ. இரண்டு மீட்டர் தொலைவில் 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். தோளோடு தோள் நிற்கிற மூன்று நான்கு பேர் அதற்குள் அடங்குவார்கள். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதற்கு முன்பே எது படத்துக்குள் வரும் என்று தெரிந்துவிடும். அதனால்தான் ஒரே லென்ஸோடு போகச் சொல்கிறேன். கூட்டத்தில் லென்ஸ் மாற்றினால் தூசியும் வண்ணக் காகிதத் துணுக்கும் சென்சாருக்குள் போகும்.

அணிவகுப்பு பத்து மணிக்கு என்றால் நான் எத்தனை மணிக்குப் போகவேண்டும்?

எட்டு மணிக்கு. அணிவகுப்பு முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் இருங்கள். வண்டிகள் வந்துகொண்டிருக்கும் நேரம்தான் தெருப் புகைப்படக்காரருக்கு ஒப்பீட்டளவில் வறண்ட நேரம். எல்லா முகங்களும் ஒரே திசையில், ஒரே வியப்பில் இருக்கும். காத்திருக்கும்போதுதான் மனிதர்கள் அவரவராக இருக்கிறார்கள். சண்டை போடுகிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்கிறார்கள்.

அணிவகுப்பு புறப்படும் தெருவுக்கு முதலில் போங்கள். ஒருத்தியின் முதுகுப்புறக் கொக்கியை இன்னொருத்தி பல்லால் கடித்துப் பூட்டுவதை அங்கேதான் பார்க்கலாம். முகத்தில் பாதி வண்ணம் பூசிய ஆள் செல்பேசியில் வீட்டாரோடு பேசிக்கொண்டிருப்பார். நுழைவும் அங்கே எளிது. தடுப்புகள் குறைவு, தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்குப் பேச நேரமும் மனமும் இருக்கும்.

முதல் வரிசையில் இடம் கிடைப்பதே இல்லை. நான் எங்கே நிற்பது?

முதல் வரிசை வேண்டாம். அங்கே உங்களுக்கு முன்னால் தடுப்புக் கம்பியும் காலிச் சாலையும்தான் இருக்கும், நகரவும் முடியாது. நடைபாதையின் பின்புறம், கட்டடச் சுவரை ஒட்டி ஒரு மெல்லிய வழி எப்போதும் இருக்கும். தூண், படிக்கட்டு, கடை வாசல், பஸ் நிறுத்தத்தின் கூரை, இந்த நான்கில் ஒன்று இருக்கிற இடமாகத் தேடுங்கள். மக்கள் ஏறி நிற்பார்கள், தொங்குவார்கள், உயரங்கள் வேறுபடும். எல்லோரும் சமதரையில் நிற்கும் கூட்டம் படத்தில் ஒரே கோடாகத்தான் விழும்.

சாலையின் எந்தப் பக்கம் என்பதை வெயில் முடிவு செய்யட்டும். சூரியன் சாய்வாக இருக்கும்போது வெளிச்சம் முகத்தில் விழும் நடைபாதை ஒன்று, நிழல் விழும் நடைபாதை ஒன்று. கட்டட இடைவெளி வழியாக ஒரு பட்டையாக வெயில் விழும் இடம் கிடைத்தால் அதை விட்டு நகராதீர்கள். யாராவது அதற்குள் வந்து நிற்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு குழுக்களுக்கு நடுவே அவ்வப்போது ஓர் இடைவெளி விழும். சாலை வெறிச்சோடும். அந்த ஒரு நிமிடத்தில் கூட்டம் மூச்சு விட்டுக்கொள்ளும், காலை மாற்றி ஊன்றும், பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பும். மற்றப் புகைப்படக்காரர்கள் கேமராவைத் தாழ்த்தும் நேரம் அது. நீங்கள் உயர்த்துங்கள்.

கேமராவில் என்ன அளவுகளை வைத்துக்கொண்டால் கவலையில்லாமல் இருக்கலாம்?

பகலில் அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, எண் சிறியதானால் துளை பெரிது) எஃப்/8, ஷட்டர் 1/500 விநாடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) தானியங்கியில், உச்சவரம்பு 6400. மேகம் கவிந்தால் எஃப்/5.6. முழுநாளையும் இதிலேயே கழிக்கலாம்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ். அதாவது ஐ.எஸ்.ஓ. 400க்கு 1/400. எஃப்/8க்கு வந்தால் இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு, ஒளி கூடுகிறது, ஷட்டர் 1/1600 ஆகிறது. வெயிலில் உங்கள் கேமரா இதற்கு வெகு தூரமாக ஏதாவது காட்டினால் எங்கோ ஒரு பொத்தான் தவறி அமுங்கியிருக்கிறது என்று பொருள்.

அதைப் பார்க்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை பெரியது. ஒருமுறை ஓடும் குதிரையை எடுக்க ஷட்டரை 1/15க்கு இறக்கிவிட்டு மீண்டும் ஏற்ற மறந்தேன். அடுத்த நாற்பது நிமிடப் படங்கள் முழுவதும் கலங்கிப்போயின. தாத்தாவும் பேத்தியும் ஒரே தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட தொடர் அதில் இருந்தது. இப்போது ஒவ்வொரு முறை கேமராவைத் தாழ்த்தும்போதும் மேலே உள்ள எண்களைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோ ஃபோகஸ் எப்போதும் எனக்கு வேண்டியவரை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவரைப் பிடிக்கிறது. என்ன செய்வது?

அணைத்துவிடுங்கள். லென்ஸைக் கையால் ஒரு தொலைவில் நிறுத்திவிட்டு, அந்தத் தொலைவுக்கு நீங்கள் நகருங்கள். 35 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் இரண்டரை மீட்டருக்கு நிறுத்தினால் ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். 28 மி.மீ. லென்ஸை இரண்டு மீட்டருக்கு நிறுத்தினால் 1.25 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை. நெரிசலில் நீங்கள் எடுக்கப்போகும் எல்லாமே அந்த எல்லைக்குள்தான் நடக்கும்.

வீட்டில் பழகலாம். இரண்டு மீட்டர் அளந்து சுவரில் ஒரு குறி வைத்து, கண்ணை மூடித் திறந்து அந்தத் தொலைவில் போய் நில்லுங்கள். ஒரு வாரத்தில் கால் கற்றுக்கொள்ளும். செல்பேசிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சிறிய சென்சாரில் தெளிவின் ஆழம் தானாகவே அதிகம்.

வெள்ளைச் சீருடை அணிந்த குழு வந்தாலே முகங்கள் கருத்துவிடுகின்றன.

படத்தில் வெள்ளை நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்குகிறது. ஒளித் திருத்தத்தைக் கூட்டல் பக்கம் ஒரு படி தள்ளுங்கள். பித்தளை வாத்தியங்களில் வெயில் பட்டுத் தெறிக்கும்போது எதிர்த்திசை. கழித்தல் பக்கம் முக்கால் படி. ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) பதிவு செய்தால் நிழலைப் பின்னர் மீட்கலாம். வெளுத்துப்போன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது.

வண்ணக் காகிதத் துணுக்குகள் பறக்கும்போது எடுத்தால் அழுக்குப்போலத் தெரிகிறதே?

வெளிச்சத்துக்கு எதிராக நின்று, பின்னால் இருண்ட சுவரோ மர நிழலோ வரும்படி எடுங்கள். ஒவ்வொரு துணுக்கும் ஒளிரும். உறையவைக்க 1/1000, கோடுகளாக்க 1/60. ஆனால் துணுக்குகள் முதன்முதலில் வெடித்துச் சிதறும் நொடியைவிட, பத்து நிமிடம் கழித்துப் பாட்டி ஒருத்தியின் தலைமுடியிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக யாரோ எடுக்கும் படம் எனக்கு மேலானது.

முன்பின் தெரியாதவர் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கக் கூச்சமாக இருக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தானா?

எல்லோருக்கும்தான். அந்தக் கூச்சத்தை முழுவதும் தொலைத்துவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். எதிரில் இருப்பவர் ஒரு மனிதர் என்று உங்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருப்பது அதுதான். கை நடுங்காத அளவுக்கு அது குறைந்தால் போதும்.

குறைப்பதற்கு அணிவகுப்பைவிட நல்ல இடம் கிடையாது. எல்லோர் கண்ணும் சாலையில் இருக்கிறது. கேமராவை எதிர்பார்த்தே வந்திருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் புகைப்படக்காரர்கள் ஜோயல் மேயரோவிட்ஸும் டோனி ரே-ஜோன்ஸும் நியூயார்க் அணிவகுப்புகளைத் தேடித்தேடிப் போய்ப் பழகியது தற்செயல் இல்லை. சாதாரண நாளில் ஒருவருக்கு ஒரு மீட்டர் கிட்டே போய் நின்றால் அவர் திரும்பிப் பார்ப்பார். அணிவகுப்பு நாளில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்.

ஓர் இடத்தில் போய் நின்றதும் உடனே எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், அணிவகுப்பையும் பாருங்கள். கேமரா வெளியே தெரியட்டும். அதன் பிறகு நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள். இடுப்பருகே கேமராவை மறைத்துவைத்துத் திருட்டுத்தனமாக எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். படமும் கோணலாக வரும், பிடிபட்டால் விளக்கம் சொல்ல வாயும் வராது.

அனுமதி கேட்டுவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் கேட்பதா?

கேட்டால் படம் வேறாகிவிடும். நிமிர்ந்து நின்று சிரிப்பார்கள். அது உருவப்படம், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு, ஆனால் நீங்கள் பார்த்த கணம் போய்விட்டிருக்கும். கூட்டத்தின் ஒரு பகுதியாக ஒருவர் வருகிறார் என்றால் எடுத்துவிட்டுக் கண்ணைப் பார்த்துத் தலையசையுங்கள். ஒருவர் முகம் மட்டுமே படம் என்றால், குறிப்பாக அவர் தனியாக, தளர்வாக இருக்கும் நிலை என்றால், எடுத்த கையோடு போய்ப் பேசுங்கள், படத்தைக் காட்டுங்கள். எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

ஒருவர் "அழித்துவிடு" என்று சொன்னால் அழிக்கத்தான் வேண்டுமா?

பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம் இல்லை. நான் அழித்துவிடுவேன், அவர் கண்முன்னாலேயே. ஒரு கொண்டாட்ட நாளில் ஒருவருடைய மனத்தைக் கெடுத்துப் பெற்ற படம் எனக்கு வேண்டாம். ஒருமுறை ஒரு பெண்மணி அப்படிக் கேட்டு, நான் அழித்துக் காட்டியபோது, அதற்கு முன்னால் இருந்த படம் திரையில் வந்தது. எதிர்ச் சாரியில் குடையைப் பகிர்ந்துகொண்ட இரண்டு முதியவர்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தான் அழுதுகொண்டிருந்ததால்தான் வேண்டாம் என்றதாகச் சொன்னார். அவர் அழுதுகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. லென்ஸ் வழியாக அத்தனை கிட்டே பார்த்தும் கவனிக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பெற்றோர் தோளில் இருக்கும் குழந்தைகளை எடுக்கலாமா?

பெற்றோர் உடன் இருக்கிறார்கள், நீங்கள் எடுப்பது அவர்களுக்குத் தெரிகிறது என்றால் எடுக்கலாம். தயக்கம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். தனியாக நிற்கும் குழந்தையைப் படமெடுக்காதீர்கள். அது வழிதவறிய குழந்தையாக இருக்கலாம், அப்போது உங்கள் வேலை வேறு. குழந்தை படங்களை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். பள்ளிப் பெயர் தெரியும் சீருடை இருந்தால் வெளியிடவே வேண்டாம்.

பொது இடத்தில் எடுத்தால் சட்டப்படி பிரச்சினையே இல்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எடுப்பது ஒன்று, வெளியிடுவது ஒன்று, விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது இன்னொன்று. மூன்றையும் சட்டம் வேறுவேறாகத்தான் பார்க்கிறது. மூன்றாவதற்குப் பல நாடுகளில் ஒப்புதல் வேண்டும்.

ஜெர்மனியின் கதை சுவையானது. 1898இல் அந்நாட்டின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு புகைப்படக்காரர்கள் அவர் அறைக்குள் நுழைந்து உடலைப் படமெடுத்தார்கள். அந்தச் சலசலப்பிலிருந்து 1907இல் ஒரு சட்டம் பிறந்தது. ஒருவர் படத்தை வெளியிட அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று அது சொல்கிறது. அதே சட்டம் விலக்குகளையும் பட்டியலிடுகிறது. கூட்டங்கள், ஊர்வலங்கள் போன்றவற்றில் கலந்துகொண்டவர்களின் படங்கள் அதில் ஒன்று. ஆனாலும் படம் நிகழ்வைக் காட்டவேண்டும், கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைத் தனியே பிடுங்கிக் காட்டினால் அந்த விலக்கில் சாய்ந்துகொள்வது கடினம். கனடாவின் உச்சநீதிமன்றம் 1998இல், கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை ஒப்புதலின்றி வெளியிட்டது தவறு என்று கியூபெக் மாகாணச் சட்டத்தின்கீழ் தீர்ப்பளித்தது. கூட்டத்தில் ஒருவராக வருவது வேறு என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றது. நேர்மாறாக, தெருவில் போனவரைத் தெரியாமல் படமெடுத்துக் கலைக்கூடத்தில் வைத்த பிலிப்-லோர்கா டிகோர்சியா மீது தொடுத்த வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 2006இல் தள்ளுபடி செய்தது.

ஆகவே நீங்கள் நிற்கும் ஊரின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். காவலர் நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அவருடைய கவலை பெரும்பாலும் உங்கள் கேமராவைப் பற்றியது இல்லை, நீங்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் வழியைப் பற்றியது.

என் படங்களில் எங்கு பார்த்தாலும் தலைகள். ஒரே குழப்பம். உங்கள் படங்களில் மட்டும் எப்படி ஒரு ஒழுங்கு வருகிறது?

இதுதான் உண்மையான கேள்வி. கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக் கூட்டம் முழுவதையும் படத்துக்குள் திணிக்கிறோம். ஆயிரம் தலைகள் சேர்ந்தால் ஒரு பரப்பாகத்தான் தெரியும். கூட்டத்தைக் காட்ட மூன்று பேர் போதும், அவர்களை நெருக்கும் தோள்கள் படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றால் போதும். வெளியே இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பவர் தானே கட்டிக்கொள்வார்.

முதலில் விளிம்புகளைப் பாருங்கள், பிறகு நடுவைப் பாருங்கள். நடுவில் இருப்பதை உங்கள் ஆர்வம் பார்த்துக்கொள்ளும். தலைக்குப் பின்னால் முளைக்கும் கம்பம், பாதியாக நுழையும் கை, இவையெல்லாம் விளிம்பிலிருந்தும் பின்னணியிலிருந்தும்தான் வருகின்றன. அரை அடி நகர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முழங்காலை மடித்தால் தலைகளுக்குப் பின்னே வானம் வரும், தலைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும்.

பிறகு, எல்லோரும் செய்வதைச் செய்யாத ஒருவரைத் தேடுங்கள். தூங்கிய அந்த லண்டன்காரரைப்போல. ஒருமுறை ஒரு தகப்பனைப் பார்த்தேன். மகன் தோளில் உட்கார்ந்து, விழுந்துவிடாமலிருக்க அப்பாவின் முகத்தை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தான். ஒரு கை நெற்றியில், இன்னொரு கை சரியாக இடது கண்ணின்மேல். வலது கண்ணில் பையனின் சட்டை நுனி தொங்கியது. முழு அணிவகுப்பும் கடந்துபோகும்வரை அந்த மனிதர் எதையும் பார்க்கவில்லை, கையை விலக்கவும் இல்லை. மேளம் உச்சத்துக்குப் போனபோது மட்டும், மகன் குதிப்பதற்கு ஏற்றபடி குதிகாலை உயர்த்திக் கொடுத்தார். சுற்றிலும் பத்துப் பேர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் படத்தில் வேண்டும். அவர்கள் பார்ப்பதால்தான் அவர் பார்க்காதது தெரிகிறது.

கருப்பு வெள்ளையா, வண்ணமா?

கொண்டாட்டத்தில் வண்ணம் ஒரு செய்தி. அதை எடுத்துவிட்டால் எது மிஞ்சுகிறதோ அது வலுவாக இருந்தால் மட்டும் கருப்பு வெள்ளை. குழம்பிய படத்தைக் காப்பாற்றுவதற்காக மாற்றாதீர்கள். மேலே சொன்ன தகப்பன் படம் கருப்பு வெள்ளையில் இருக்கிறது, காரணம் ஒரு சிவப்புப் பலூன் எல்லாக் கண்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

நெரிசலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நியாயமானது. கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஏழு பேர் சேரும்போது கூட்டம் திரவம்போல ஆகிவிடுகிறது என்று விளக்கினார். அதன் பிறகு தனி ஒருவர் தன் உடலைத் தானே நகர்த்த முடியாது, அலை நகர்த்தும். இப்படிப்பட்ட இடங்களில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை, நின்றபடியே மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள்.

அதற்கு வெகு முன்பே கிளம்பிவிட வேண்டும். உங்கள் கையை முகத்துக்கு உயர்த்த இடம் போதவில்லை, நாலா பக்கமும் உடல்கள் தொடுகின்றன என்றால் அதுவே எச்சரிக்கை. கேமராவைக் கீழே இறக்குங்கள். கூட்டத்தின் ஓட்டத்தை எதிர்க்காமல், அலை ஓயும் இடைவெளிகளில் குறுக்குச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள், அது லென்ஸாக இருந்தாலும். கேமராப் பட்டையைக் கழுத்தில் மாட்டாமல் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். கழுத்தில் இருக்கும் பட்டை எங்காவது சிக்கினால் அதை எடுக்க உங்களுக்குக் கை இருக்காது.

இருட்டிய பிறகு என் படங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. ஃபிளாஷ் போடலாமா?

அந்தக் கோடு சில எல்.இ.டி. விளக்குகளின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கலாம், 60 ஹெர்ட்ஸ் ஊரில் 120 முறை. முதல் வகை ஊரில் 1/50 அல்லது 1/100, இரண்டாவதில் 1/60 அல்லது 1/125 வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குறைந்துவிடும். அபெர்ச்சரை எஃப்/2 வரை திறக்க வேண்டியிருக்கும். அப்போது முன்பு சொன்ன தொலைவுக் கணக்கு செல்லாது, ஆட்டோ ஃபோகஸுக்குத் திரும்புங்கள். சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் வானமும் தெருவிளக்கும் ஏறக்குறைய சம வெளிச்சத்தில் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

ஃபிளாஷைச் சிறிய அளவில், 1/15 போன்ற மெதுவான ஷட்டரோடு சேர்த்துப் போட்டால் முகம் உறையும், விளக்குகள் இழையும். அழகான உத்திதான். குதிரைகள் அருகிலும், மிகக் கிட்டே இருக்கும் முகத்திலும் போடாதீர்கள்.

யாராவது மயங்கி விழுந்தால், குடித்துவிட்டுத் தள்ளாடினால் அதுவும் தெருவின் உண்மைதானே? எடுக்கலாமா?

உண்மைதான். ஆனால் தெருவில் நடக்கிற எல்லா உண்மையும் நம்முடையது ஆகிவிடாது. விழுந்தவருக்கு உதவ ஆள் இல்லை என்றால் நீங்கள்தான் ஆள். உதவி வந்துவிட்டது என்றால் நீங்கள் அங்கே இடைஞ்சல். செய்தியாளருக்கு வேறு கடமை இருக்கலாம், அதை அவர் பார்த்துக்கொள்வார். நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல் இது: இந்த மனிதர் நாளைக் காலை தெளிவான மனநிலையில் இந்தப் படத்தைப் பார்த்தால் என் பக்கத்தில் நிற்பாரா?

கூட்டத்தில் இருந்தது வெளியே தெரிந்தால் சிலருக்கு ஆபத்து என்கிறார்கள். பகிரங்கமாக வந்தவர்கள்தானே?

தெருவில் இருந்த ஆயிரம் பேருக்கு முன்னால் வந்தார்கள். உலகம் முழுவதற்கும் வந்தார்கள் என்று நாமாக முடிவு செய்ய முடியாது. தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் பெருமித அணிவகுப்பு போன்ற இடங்களில் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் தெரியாமல் வருகிறவர்கள் உண்டு. முகமூடியோடு நடுச்சாலையில் ஆடியவர் நடைபாதைக்கு வந்து அதைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார் என்றால், அந்தக் கழற்றிய முகம் பகிரங்கமானதில்லை. சட்டம் இடம் கொடுத்தாலும் அப்படிப்பட்ட படங்களை ஒப்புதல் இல்லாமல் நான் வெளியிடுவதில்லை. முதுகு, கை, நிழல், காலணி ஆகியவற்றை வைத்தே அந்த நாளைச் சொல்ல முடியும்.

ஆயிரம் படம் எடுத்தேன். அன்று இரவே உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுமே தேறவில்லை.

அன்று இரவே பார்த்ததுதான் கோளாறு. மேளச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எடுக்கும்போது பட்ட மகிழ்ச்சியைப் படத்தில் தேடுகிறீர்கள், அது அங்கே இல்லை. கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிமைக் கழுவாமல் நெடுங்காலம் விட்டுவைப்பார், எடுத்த கணத்தின் உணர்ச்சி வடிந்த பிறகுதான் படத்தைப் பார்ப்பார். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் ஏறத்தாழ 2,500 இருந்தன. அவ்வளவு வேண்டாம். ஃபைல்களை இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டு ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு அறிமுகமில்லாத ஒருவர் எடுத்ததுபோலப் பாருங்கள். ஆயிரத்தில் மூன்று தேறினால் நல்ல நாள்.

அணிவகுப்பு முடிந்ததும் நான் கிளம்பிவிடுகிறேன். ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னீர்களே, அங்கே என்னதான் இருக்கும்?

கலைகிற கூட்டம் இருக்கும், குப்பை பெருக்குகிறவர்கள் இருப்பார்கள், தடுப்புக் கம்பிகளை லாரியில் ஏற்றும் சத்தம் இருக்கும். வேடம் போட்டவர்கள் பாதி வேடத்தோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பக்கத் தெருக்களுக்குள் போங்கள்.

அப்படி ஒரு சந்தில்தான் அந்த முரசுக்காரரைப் பார்த்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து, விரல்களில் சுற்றியிருந்த ஒட்டுத்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றாக, தோல் பிய்ந்துவிடாமல் மெதுவாக. ஆள்காட்டி விரலில் இரத்தம் காய்ந்து துணி ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டு இளக்கி எடுத்தார். பிரித்த துணியை உருண்டையாகச் சுருட்டி, மடியில் இருந்த இறகு வைத்த தொப்பிக்குள் போட்டார். மூன்று படங்கள் எடுத்தேன். நான்காவதற்குக் கேமராவை உயர்த்தியபோது நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த முரசைக் காலால் ஒதுக்கிவிட்டு, உட்காரச் சொல்லிப் படியைத் தட்டிக் காட்டினார்.